மை விரலுக்கு தே இலவசம்

மலேசியாவின் சிடாம் கிரியில் இன்று தேர்தல். வாக்குச்சாவடிக்கு எதிரே சுப்பையா அண்ணனின் டீக்கடை. மை வைத்த விரலைக் காட்டினால் தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீர் இலவசம். ஓட்டுப் போடாமல் வருபவர்களைத் திட்டித் திருப்பி அனுப்புகிறார்.

"பெர்மிட் இல்லாம நாட்டுக்குள்ள வந்தவனுக்கு கவர்மெண்டு பொதுமன்னிப்பு குடுக்குதாம், மன்னிப்பு என்ன மன்னிப்பு? கப்பல்ல ஏத்தித் திருப்பி அனுப்பணும் லா!" என்று தேநீரை ஆற்றியபடியே பொரிந்து தள்ளுகிறார். பின்னால் கிளாஸ் கழுவும் பர்மாக்காரர் தலை நிமிரவில்லை.

வெளிநாட்டுக்காரனான நான் காசு கொடுக்கிறேன். வாங்கும் அவர் விரலிலும் மை இல்லை.

"நீங்க போடலையாண்ணே?"

"எனக்குச் செவப்பு ஐசி கார்டுதான், தம்பி. குடியுரிமை இல்ல. இங்க எஸ்டேட்லதான் பொறந்தேன், ஆனா பொறந்ததுக்குச் சூராட் இல்ல, பத்திரமே இல்ல. அந்த மன்னிப்புக் கேக்கவும் வழியில்ல லா. நான் எங்கிருந்தும் வரலையே."

அடுத்தவர் விரலை நீட்டுகிறார். அண்ணன் அந்த மையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிளாஸை நிரப்புகிறார்.