அப்பா போட்ட ஆட்சேபணை

சாக்பீஸ் தூள் படிந்த அக்காவின் ஆட்காட்டி விரல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மயிலாப்பூரில் வாக்காளர் பட்டியல் ஒட்டிய சுவரில் அது ஒவ்வொரு பெயராக இறங்கி வந்து, அவள் பெயரில் நின்றது. "இதோ பாருடி, நான் இருக்கேன்!" என்று தெருவென்றும் பாராமல் கத்தினாள்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி, எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. சொத்தோ வரியோ வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண், இருபத்தொன்று நிறைந்திருந்தால், தானே மனுப் போட்டுச் சேரலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. சாந்தோமில் மாதா கோயில் பள்ளிக்கூட டீச்சரான அக்கா தன் கையாலேயே மனு எழுதினாள். அவளுக்கு இருபத்துநான்கு. ஆனால் சைதாப்பேட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடம் அப்பா பத்தொன்பது என்று சொல்லிவைத்திருந்தார். அதற்குத் தோதாக, இருபது வயதான என்னையும் பதினைந்தாக்கிவிட்டார். பட்டியலிலோ பெயரோடு வயதும் இருக்கும், ஊரே படிக்கும். "ஓட்டு திரும்ப வரும், மாப்ள வருவானா?" என்றார் அப்பா. ஒட்டிய பட்டியல் முடிவாவதற்குள், பெற்ற மகளுக்கு வயது போதாது என்று அவரே ஆட்சேபணை எழுதிப் போட்டார்.

விசாரணைக்கு மூவரும் போனோம். "பத்தொம்போதுதாங்க" என்று அப்பா கூசாமல் சொன்னார். ஞாயிறுதோறும் பூசையில் முதல் வரிசையில் முழந்தாளிடும் மனுஷன்! "நீ என்னம்மா சொல்றே?" என்றார் அதிகாரி. பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பவள் அக்கா. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்று. தாய் தந்தையை மதி என்பது இன்னொன்று. அவள் உள்ளதைச் சொன்னால் அப்பா அங்கேயே பொய்யராவார். "அப்பா சொன்னா சரிதாங்க" என்றாள். பெயரை அடித்தார்கள்.

சைதாப்பேட்டைக்காரர்கள் கடைசியில் வேறு பெண் எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறாம்! அக்கா பொறுமைசாலி என்று உறவுக்காரர்கள் இன்றும் மெச்சும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாயைப் பொத்திவிட்டு அதற்குப் பொறுமை என்று பேர் வைப்பதா? பிள்ளைகளே, வயது வந்ததும் மனுவை நீங்களே போடுங்கள். பட்டியல் வந்தால் போய்ப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் விடாமல் கேளுங்கள். ஆட்சேபணை வந்தால், போட்டவர் அப்பாவே ஆனாலும், நேரில் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு என்றானதும், பெயர் எழுத வீட்டுக்கு ஆள் வந்தார். அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதே பள்ளியில்தான் இருந்தாள். "பொண்ணுக்கு இன்னா வயசு, பெரியவரே?" என்று அவரும் அப்பாவைத்தான் கேட்டார். அப்பா பதில் சொல்வதற்குள் அக்கா முன்னால் வந்து நின்றாள். "அவர எதுக்குக் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. முப்பத்தொம்போது. நல்லா பெருசா எழுதுங்க."

பட்டியல் ஒட்டியதும் நானும் கூடப் போனேன். அதே சாக்பீஸ் விரல் இறங்கி வந்து நின்றது. அவள் பெயர், பக்கத்தில் தந்தை பெயர், அதற்கப்புறம் வயது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. அப்பாவின் பெயரைத் தாண்டி விரலை நகர்த்தி, வயதின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.