ராஜாவின் கழுத்தில் ஒரு மச்சம்

இடது கை இரும்பு அச்சை அசையாமல் பிடித்திருந்தது. வலது கை உருண்டை முனை ஆணியை அதன்மேல் நிறுத்தி, ஒரே தட்டுத் தட்டியது. ராஜாவின் காதுக்குக் கீழே, கழுத்தில், கடுகளவு குழி விழுந்தது. பிறகு கைகள் மெழுகை உருட்டி அச்சில் அழுத்திப் பெயர்த்தன. மெழுகில் அந்தக் குழி மச்சமாகப் புடைத்து நின்றது.

அந்தக் கைகள் ஆங்கிலேயரின் நாரிச் நகரத்தில் வெள்ளிக்காசுக்கு அச்சு வெட்டும் வின்சிகேயுடையவை. ராஜாவை அவர் பார்த்ததில்லை. தெற்கிலிருந்து வரும் மாதிரியைப் பார்த்து வெட்டுவார். அந்த மாதிரியோ பழைய ரோமானியக் காசைப் பார்த்து வெட்டியது. சில வருடங்களுக்கு ஒருமுறை அச்சு மாறும். ராஜா தலைக்கவசம் போட்டிருப்பார், அடுத்த முறை கழற்றியிருப்பார். மூக்கு யாருடையதென்று எவருக்கும் தெரியாது.

மச்சம் மட்டும் தம்பி டூடாவுடையது. கடற்கொள்ளையரான டேனியர் ஆற்றில் ஏறிவந்து ஊரை எரித்த அன்று அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அடிக்கப்போகும் காசெல்லாம் அதே டேனியருக்குக் கப்பமாகக் கடல் தாண்டும். ஊர் வயிறெரிந்தது. வின்சிகே மட்டும், அதில் ஒன்றாவது டூடாவின் கையில் விழாதா என்று ஏங்கினார். விழுந்தால், அண்ணன் இன்னும் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும்.

அச்சை வாங்க வந்த, காசு அடிக்கும் அக்கசாலைக்காரர் எட்னோத் மெழுகை வெளிச்சத்தில் திருப்பினார். காசின் பின்பக்கத்தில் இருப்பது அவர் பெயர்.

"என்னடா இது, ராஜா கழுத்துல மச்சம்?"

"நீங்க ராஜாவப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"நான் எங்கடா பாத்தேன்!"

"அப்புறம் மச்சம் இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நக்கலா? கள்ளக்காசுன்னு ராஜாவோட ஆளு என் கைய வெட்டி அக்கசாலைக் கதவுல அறைஞ்சிடுவான். அப்புறம் நீதான் வந்து எனக்குக் கஞ்சி ஊட்டணும். தேச்சு எடுத்துடு."

"டூடாவோட மச்சம்ணே."

எட்னோத் மெழுகை மறுபடி பார்த்தார்.

"என் தோட்டத்து ஆப்பிளையெல்லாம் தின்னு தீர்த்தானே, அந்தத் திருட்டுப் பயலா?"

"அவனேதான்."

எட்னோத் மெழுகை வின்சிகேயிடம் நீட்டினார்.

"பின்பக்கத்து அச்சுல, சிலுவைக்கிட்ட இன்னொரு புள்ளி வை. எவனாவது கேட்டா, ரெண்டு பக்கமும் ஜோடியா வச்ச அலங்காரம்னு சொல்லிக்கறேன்."

ஆணி இன்னொரு முறை தட்டியது. வின்சிகே அச்சுகள் இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி நீட்டினார். எட்னோத் வாங்கிக்கொண்டார், துணியின் முனையை வின்சிகேயின் விரல்கள் விடுவதற்குத்தான் சற்று நேரமாயிற்று.