கடலுக்காகக் கேட்ட மாப்பு

"அம்மா, இங்க காத்தே இல்லம்மா. கடலு அசையாமக் கெடக்குது."

உள்ளறையிலிருந்து தவ்ஹீதின் குரல் நாலாவது தடவையாகக் கேட்டது. அடுப்படியில் தேநீர் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள் ஜுலைகா. மகன் மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் பேசி அனுப்பியதைத்தான் அவள் புருஷன் காதர் பாட்சா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். அதோடு அவனிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை.

கூடத்தில் மணிவண்ணன் உட்கார்ந்திருந்தான். ரெட்டிபாளையத்துக்காரன். வளைகுடாவில் தவ்ஹீதோடு ஒரே அறையில் தங்கி, ஒரே மீன் பண்ணையில் வேலை பார்த்தவன். விடுப்பில் நேற்றுத்தான் ஊர் வந்திருந்தான். தவ்ஹீதின் துணிப்பை அவன் காலடியில் இருந்தது.

ஜுலைகா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் லெப்பைக்குடிக்காட்டில்தான். ஐம்பத்து மூன்று வயதாகிறது, கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் ஆயுசையே தின்றது கடல்தான். கல்யாணமான நாற்பதாம் நாள் புருஷன் விமானம் ஏறினார். இருபத்திரண்டு வருஷம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற விருந்தாளியாகவே இருந்தார். மூன்று வயது தவ்ஹீத் தன்னைப் பெற்றவரை 'மாமா' என்று கூப்பிட்டான். அவர் நிரந்தரமாக ஊர் திரும்பிய வருஷம் மகன் கிளம்பினான். கிளம்பும் முன், பயணம் போகிற எல்லோரையும் போல வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் எதுவும் செஞ்சிருந்தா மாப்புச் செய்ங்க" என்று கேட்டான். சின்ன வயதில் அவனை விளக்குமாற்றால் அடித்த எதிர்வீட்டுக்காரியிடமும் அவன்தான் மாப்புக் கேட்டான்.

அந்த வழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

கரையோரக் கடலில் கூண்டு கட்டி வளர்த்த மீன்கள் இரண்டே நாளில் செத்து மிதந்தன. காற்று ஊதும் மோட்டாரை அசட்டையாக நிறுத்திவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதித் தரும்படி ஆபீஸில் தவ்ஹீதைக் கேட்டார்கள். அவன் போனில் தாயைக் கேட்டான்.

"மாப்புக் கேட்டா யாரும் கொறஞ்சு போயிட மாட்டாங்கடா. கையெழுத்தப் போட்டுட்டு ஊரு வந்து சேரு" என்றாள் பெற்றவள்.

போட்டான். அந்தக் காகிதம் அங்கே மன்னிப்பாகப் போகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகப் போனது. இப்போது அவன் காவலில் இருக்கிறான்.

ஜுலைகா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். காதர் பாட்சாவும் வந்து உட்கார்ந்தார்.

"மோட்டார் ஓடுச்சா தம்பி?" என்றாள்.

"ஓடுச்சும்மா. ரெண்டு நாளும் நிக்கவே இல்ல. ஓடி என்ன செய்ய? பத்து நாளாக் காத்து விழுந்துபோச்சு. அலை அடிச்சாத்தான மேல காயுற தண்ணியும் அடியில இருக்கிற குளுந்த தண்ணியும் கலக்கும்? அங்க ஆழமும் கம்மி. மேகம் ஒரு பொட்டு இல்ல, வெயிலு நேரா எறங்குது. ராத்திரியும் சூடு தணியல. தண்ணி சுட்டா அதுல மீனுக்கு மூச்சு ஏது? மோட்டார் ஊதுறது அந்தச் சூட்டுக்குப் பத்தல."

"பத்து நாள் காத்து நின்னதுக்கா இவ்வளவும்?"

"அது மட்டும் இல்லம்மா. கடலே வருஷத்துக்கு வருஷம் சூடேறிக்கிட்டுத்தான் வருதாம். மீட்டர் போட்டுப் பாத்த இன்ஜினியர் சொன்னாரு. உலகத்துல எரிக்கிற கரி, எண்ணெய் எல்லாத்துப் புகையும் வானத்துல மூடி நிக்குது, அந்தச் சூட்டக் கடல்தான் குடிக்குதுன்னாரு. ஏற்கெனவே கொதிச்சிருந்த தண்ணிக்கு இந்தப் பத்து நாளு போதாதா?"

"நான் அங்க இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டுனேன்" என்றார் காதர் பாட்சா, மனைவியைப் பார்க்காமல். "கடலக் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். இவ இங்க உக்காந்துக்கிட்டே கடல் செஞ்சதுக்கெல்லாம் மாப்புக் கேட்டுட்டா."

ஜுலைகாவின் முகம் சிறுத்தது. கண்ணீரை முந்தானையால் அழுத்திக்கொண்டு மணிவண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொன்னதையே எழுதிக் குடு தம்பி. கூட வேலை செஞ்சவங்க ஒருத்தர் எழுதுனாக்கூடப் போதும்னு அங்க அவனுக்கு வச்ச வக்கீல் சொல்றாராம். மோட்டார் ஓடுச்சு, கடலுதான் கொதிச்சிச்சுன்னு ரெண்டு வரி."

அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"அடுத்த மாசம் நான் அதே கம்பெனிக்குத் திரும்பிப் போகணும்மா. எம் பொஞ்சாதி அம்பிகாவுக்கு இது ஏழாம் மாசம். எழுதிக் குடுத்தா, தவ்ஹீத் பக்கத்துலயே எனக்கும் ஒரு எடம் ஒதுக்கிருவாங்க."

"அவன் எம்புள்ளைப்பா."

"தெரியும்மா. காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தவன் அவன்."

அதற்கு மேல் அவளால் என்ன கேட்க முடியும்? இன்னொருத்தி வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பன் வேண்டாமா? காலில் விழலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விழுந்தாலும் அவன் எழுதமாட்டான், அழுவான், அவ்வளவுதான். மகன் தப்புச் செய்யவில்லை என்பது இந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன?

மணிவண்ணன் எழுந்தான். காதர் பாட்சா எழவில்லை. ஜுலைகாதான் வாசல்வரை போனாள்.

"அரியலூர் பஸ் நாலரைக்கு வந்துரும்" என்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாராச்சும் கேட்டா நான் வந்ததாச் சொல்லாதீங்கம்மா. எதையும் சொன்னதாவும்."

ஜுலைகா அவனையே பார்த்தாள். "சொல்லமாட்டேன் தம்பி. பாத்துப் போங்க" என்றாள்.

அவன் தெருமுனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.