செல்களுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. ஆயுத பூஜை விடுமுறைக்குக் கடலூர் வீட்டுக்குப் போய்விட்டுச் சிதம்பரம் திரும்பிய அன்று, ஆய்வகத்தில் நான் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் மருந்துகளைச் சோதிப்பது என் முனைவர் பட்ட வேலை. எங்கோ வெளிநாட்டில், என்றோ இறந்துபோன ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த செல்கள் அவை. இன்னும் குடுவைகளில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தூசி, எச்சில் எதுவும் படக்கூடாது. பட்டால் பூஞ்சை பிடித்துச் செத்துவிடும்.

அன்று குடுவைகளைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்தால் உள்ளே சாமந்திப் பூ! காற்றுக்காகத் தளர்த்தி மூடியிருந்த குடுவை மூடிகளில் எல்லாம் சந்தனம், குங்குமம். குடுவைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காதான்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? மூணு வருஷ வேலை போச்சு! இனிமே இந்த ரூம் பக்கம் வராதீங்க!"

அக்கா துடைப்பத்தோடு பின்வாங்கினார். "மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சோம் பாப்பா. அந்தப் பொம்பள செத்தும் நமக்காக வேலைக்கு வர்றா. அவளுக்கு மட்டும் வெக்காம வுடலாமா?"

அக்காவுக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். தினமும் மாத்திரை போடுகிறார். அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த மாதிரி செல்களில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்று, டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னதே நான்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் நான்தான். யாரைத் திட்ட?

திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்த செல்களில் ஒரே ஒரு குப்பி மிச்சமிருந்தது. அதுவும் பிழைக்காவிட்டால் என் ஆய்வு அம்போ. இன்குபேட்டரைத் துடைத்தெடுத்து, குப்பியில் இருந்ததைப் புதுக் குடுவையில் விட்டேன். உயிருள்ள செல் அடியில் ஒட்டிக்கொள்ளும், செத்தது மிதக்கும். மறுநாள் பாதிக்கு மேல் மிதந்தன. அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, "என்னா பாப்பா, ஏந்திரிச்சாளா?" என்று மட்டும் கேட்டார். நான் குடுவையைத் திரும்ப உள்ளே வைத்து மூடினேன்.

மூன்றாம் நாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கூட்டம் கூட்டமாக ஒட்டியிருந்தன!

"அக்கா, ஓடி வாங்க!"

கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி வந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"பொழச்சிக்கிட்டா!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சிடுங்கக்கா, கண்டபடி பேசிட்டேன்" என்று அங்கேயே விசும்ப ஆரம்பித்தேன். அக்கா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தள்ளி நின்னு அழு பாப்பா. அவ மேல பட்டுடப் போவுது."