இன்று ஹாரன் அடித்தது நான்

கருமத்தம்பட்டியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். காலையில் கணபதியில் எங்கள் வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருந்தேன்.

எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் அப்பாதான் ஹாரன் அடிப்பார். "சேலை கட்ட இவ்வளவு நேரமா?" என்று அம்மாவையும் என்னையும் விரட்டுவார். இன்று மாடியில் சேலை கட்டிக்கொண்டிருந்தவர் அப்பா.

தான் ஒரு பெண் என்று அறுபது வயதில் எங்களிடம் சொன்னார். அப்பா என்றே கூப்பிடவும் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்னும் தெரியாது. இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

பக்கத்து சீட்டில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாம முன்னால போயிரலாம் கண்ணு."

நான் ஹாரன் அடித்தேன். "மடிப்பு நிக்க மாட்டீங்குது" என்று மாடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அம்மா கதவைத் திறந்து இறங்கினார். "கீழ ஒரு ஆளு புடிச்சு உட்டாத்தான நிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்.

அரை மணி நேரமாகியும் இருவரையும் காணோம். மறுபடி ஹாரனில் கை வைத்தபோது சித்தப்பாவின் போன் வந்தது.

"முகூர்த்த நேரமே வந்துருச்சு. அண்ணன் எங்க கண்ணு?"

எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. "அம்மா அப்பாவுக்குச் சேலை கட்டி உட்டுட்டு இருக்காங்க சித்தப்பா."

அவர் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

இதோ, இருவரும் படியிறங்கி வருகிறார்கள். அப்பாவின் மடிப்பு காலில் தடுக்காமல் அம்மா ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"போன்ல யாரு?" என்று அப்பா கேட்கிறார்.

என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், இன்னும் நாலு படிதான் இருக்கிறது.