ரைட் கொடுத்துவிட்டு ஏறாதவர்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த விஷயத்தை அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. லிஃப்டில் ஏறினால், "உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க" என்பார். தெருவில் யாராவது காரைப் பின்னால் எடுத்தால் எங்கிருந்தாவது வந்து நின்று, டிக்கியைத் தட்டித் தட்டி வழி சொல்வார். கேட்டவர்கள் யாருமில்லை. தெருவில் அவருக்கு ரைட் என்றுதான் பெயர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

அவருக்கென்று ஒரு கௌரவம் உண்டு. நின்ற பஸ்ஸில் ஏற மாட்டார். எல்லோரையும் ஏற்றிவிட்டு, கீழே நின்றபடி வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்!" என்பார். வண்டி நகர்ந்த பிறகுதான் நாலு எட்டு ஓடிவந்து படியில் தாவுவார். "நின்ன பஸ்ல பாசஞ்சர்தான் ஏறுவான்" என்பது அவர் வாதம். முட்டி வலி வந்த பிறகும் இதை விடவில்லை. அக்கா தினமும் அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு, தினமும் அதே புத்தியைச் சொல்வாள். தைலம் மட்டும்தான் உள்ளே இறங்கியது.

அக்காவுக்கு பஸ்ஸே ஆகாது. ஏறி உட்கார்ந்ததும் குமட்டும். கண்டக்டரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் இது தெரிய வந்தது. அதனால் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு மாமா மட்டும் கிளம்பினார். கிளம்பும்போது, முட்டியில் மாட்டும் பட்டையை அக்கா பெட்டியில் வைக்கப் போக, சண்டை வந்தது.

"என்னைக் கிழவன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"பின்ன, பதினாறு வயசா உங்களுக்கு?"

அவர் பட்டையை எடுத்துக் கட்டில்மேல் வீசிவிட்டு, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

நாலைந்து நாள் கழித்து, சுற்றுலாவை நடத்திச் சென்ற மேனேஜர் எனக்கு போன் செய்தார். "சார், உங்க மாமா அங்க வந்துட்டாரா?"

"அங்க தொலைஞ்சவர் இங்க எப்படி சார் வருவாரு?"

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்றார் மேனேஜர்.

நடந்தது இதுதான். முதல் நாளே மாமா அந்த பஸ்ஸைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆள் எண்ணுவது, ஏற்றுவது, கிளப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வேலை குறைந்ததில் மேனேஜருக்குப் பரம சந்தோஷம். அந்த ஊர் டிரைவருக்கு நம் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை பழகியிருந்தது: ரைட். ஒரு ஏரிக்கரையில் படம் எடுத்து முடித்து எல்லோரும் ஏறினார்கள். வழக்கம்போல இரண்டு தட்டு, ஒரு ரைட். வண்டி கிளம்பிப் போயேபோய்விட்டது. ஆள் எண்ணுகிறவரே காணாமல் போனால் குறைவதை யார் எண்ணுவது? ஹோட்டலில் ஓர் அறைச்சாவியை வாங்க ஆள் வராதபோதுதான் தெரிந்திருக்கிறது. அவருடைய போன் பஸ்ஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் மேனேஜர் பையில் இருந்தது.

அங்கே போலீஸ் நாயை விட்டு ஏரியைச் சுற்றித் தேடியது. இங்கே ஓர் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே பதில் சொன்னாள்.

"வண்டியை அனுப்பினது யாரும்மா?"

"அவருதான்."

"டிரைவர் சொல்றபடி கதவு தொறந்துதான் இருந்திருக்கு. வளைவு தாண்டித்தான் மூடியிருக்காரு. முந்தின நாளெல்லாம் உங்க வீட்டுக்காரர் ஓடி வந்து ஏறியிருக்காரு. அன்னிக்கு மட்டும் ஏறல." இன்ஸ்பெக்டர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா, இது காணாம போனதில்ல. போனது."

அக்கா மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"வீட்ல சண்டை ஏதாவது உண்டா?"

"எந்த வருஷத்திலேர்ந்து சொல்லணும்?"

"வேற பொம்பளை பழக்கம்?"

"டிக்கெட் வாங்காத பொம்பளை மூஞ்சிதான் சார் அவருக்கு ஞாபகம் இருக்கும்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவர் போன பிறகு மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் இல்லை.

"செத்துட்டாருன்னு சொன்னாக்கூட அழுது தீர்த்துடுவேன்டா" என்றாள். "என்னை வேணாம்னு போய்ட்டாருன்னா, அதுக்கு எப்படி அழறது? வேணும்னே போனாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அப்படிப் போக மாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இன்ஸ்பெக்டர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் ஆள் கிடைத்தார், அந்த ஊர் டவுன் பஸ்ஸில். கதவோரம் நின்றுகொண்டு, உள்ளே தள்ளிப் போகாதவர்களை முறைத்தபடி, போக வர அதே தடத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று நினைத்து டிரைவர்கள் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. படுக்கை டிப்போவின் ஓய்வறையில். காப்பியும் ரொட்டியும்கூடக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் எதிரிலேயே ஒரு நிறுத்தம் இருந்ததாம். அங்கே மட்டும் அவர் இறங்கவில்லை.

எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வீடியோவில் காட்டினார்கள். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவு தொறந்துதானே இருந்துச்சு, ஏன் ஏறல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இஷ்டமில்ல சார். கொஞ்ச நாள் தனியா இருக்கலாம்னு தோணிச்சு, நின்னுட்டேன்."

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?" என்றாள்.

"சொன்னா விட்டுடுவியா?" அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை.

அக்கா திரைக்குக் கிட்டே போனாள். "கையை மேல வைங்க."

"எதுக்கு?"

"வைங்கன்னா வைங்க."

இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து பொருக்குத் தட்டியிருந்தன. "எழுந்து நில்லுங்க" என்றாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றாமல் எழுந்தார். பேண்ட் முட்டியில் கிழிந்து, ஓரமெல்லாம் காய்ந்த ரத்தம். எத்தனையோ வருஷம் ஓடுகிற பஸ்ஸில் தாவியவர், ஊர்பேர் தெரியாத இடத்தில் படியை எட்டிப் பிடிக்க முடியாமல் குப்புற விழுந்திருக்கிறார். இதைச் சொல்வதைவிட, பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவன் என்ற பேர் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கிறது. அப்படியே கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது எனக்கு.

"சார், அவரு விழு..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் காலை நன்றாக மிதித்தாள்.

"கேஸை முடிக்க ஒரு காரணம் வேணும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சண்டை சார்" என்றாள் அக்கா. "வீட்டுப் பக்கமே வராதீங்கன்னு நான்தான் சொன்னேன். ரோஷக்காரரு, நின்னுட்டாரு."

திரையில் மாமா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "ஆமா சார்" என்றார். "இவ வாய் கொஞ்சம் அப்படி."

ஸ்டேஷனை விட்டு இறங்கும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. "உனக்குப் பைத்தியமாக்கா? புருஷனை நாடு கடத்தினவள்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் உன்னைத்தான் பேசுவாங்க."

பேசத்தான் செய்தார்கள். மாமாவின் தங்கை இன்றுவரை எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை.

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி நனைந்தது.

"பேசட்டும்டா" என்றாள். "விட்டுட்டுப் போகல. விழுந்துட்டாரு."