மரம் பிடுங்க ஒரு மரம்

போன ஞாயிற்றுக்கிழமை சேதராப்பட்டில் ஒற்றை வேலிக்காத்தான் முள்மரத்துக்கு எதிரே நானும் என் மச்சான் செல்வமும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் வெறும் மண். நடுவில் அது மட்டும். புதன்கிழமை காலை அவன் வீட்டுக்குக் கடக்கால் தோண்டி அஸ்திவாரம் போட முகூர்த்தம். போட வேண்டிய இடத்தில்தான் அது நின்றது.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம்? சொல்கிறேன். சொல்லவே அசதியாக இருக்கிறது...

செல்வம் என் மனைவியின் தம்பி. மில்லில் ஃபிட்டராக இருந்தவன். மில் மூடிய பிறகு கிடைத்த கம்பெனியில் எல்லாம் வேலை பார்த்தான். இத்தனை வருஷமும் வாடகை வீடு. இப்போது ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். இவனுக்கென்று இருப்பது அப்பா விட்டுப்போன அந்தத் துண்டு நிலம்தான். அதில் ஆள் நுழைய முடியாதபடி வேலிக்காத்தான் காடு.

ஜேசிபி வைக்கலாமே என்பீர்கள். மணிக்கணக்கில் வாடகை. அது போகட்டும், போகிற வழியில் பக்கத்துக் கழனிக்காரரின் நெல் நிற்கிறது. அறுவடை முடியாமல் பெரிய வண்டி உள்ளே போகாது. அறுவடை வரை காத்திருந்தால் ஆடி வந்துவிடும்.

அதனால் மச்சான் தானே ஒரு மெஷின் செய்தான். கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய டீசல் இன்ஜின். தேங்காய்த்திட்டில் உடைத்துக்கொண்டிருந்த ஒரு படகிலிருந்து கயிறு சுற்றி இழுக்கிற வின்ச்சும் இரும்புக் கயிறும். ஒரு ஃபிரேமும் இரண்டு டயரும். கயிற்றை மரத்தில் கட்டி இன்ஜினை ஓட்டினால் மரம் வேரோடு வர வேண்டும். எலுமிச்சம்பழம் நசுக்கி ஸ்டார்ட் செய்தோம். மரம் அசையவில்லை. மெஷின்தான் மரத்தை நோக்கிப் போனது! பின்னாலேயே செல்வம் ஓடினான்.

மெஷினுக்குக் கனம் போதாது. உடனே நிலத்தின் நடுவில் இருந்த பெரிய மரத்தோடு மெஷினைச் சங்கிலி போட்டுக் கட்டினான். அப்புறம் பார்க்க வேண்டுமே... ஒவ்வொன்றாக வேரோடு வந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை. கயிறு மாட்டுகிற வேலை எனக்கு. முள் கிழிக்காத சட்டை என்று ஒன்றுகூட என்னிடம் இப்போது இல்லை.

ஆறாவது வாரம்தான் தெரிந்தது — அந்தப் பெரிய மரத்தைப் பிடுங்க, மெஷினை எதில் கட்டுவது? இருவரில் ஒருவன் ஃபிட்டர். இன்னொருவன் வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கே புத்தி சொல்லி எழுதுகிறவன். இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கடப்பாரையைத் தரையில் அடித்து இறக்கி அதில் கட்டிப் பார்த்தோம். கடப்பாரைதான் பிடுங்கிக்கொண்டு வந்தது.

செல்வம் மண்ணில் உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான்:

"எல்லாத்தையும் இத்தப் புடிச்சிக்கினுதான் இழுத்தோம் மாமா. இத்த இழுக்க எத்தப் புடிக்கறது?"

அவன் மரத்தைப் பற்றித்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. அப்பா போன பிறகு தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தது யார்? மாமியார் படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தது யார்? என் வீடு கட்டும்போது லீவு போட்டுவிட்டு வந்து கம்பி வளைத்தவன் யார்? ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒருத்தர் நிற்கிறார். அவரைப் பிடித்துக்கொண்டு நாம் எல்லோரும் கரையேறிவிடுகிறோம். அவருக்கு ஒரு தேவை வரும்போதுதான் திருதிருவென்று விழிக்கிறோம். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அவனுக்குத் தெரியாமல் அவன் தங்கைகளின் வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டேன். கொஞ்சம் கோபமாகவே பேசினேன். திங்கட்கிழமை கடப்பாரை, மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். நான்கு பேரும் சேர்ந்து தோண்டினோம். இரண்டு நாள். வேர் என்ன, காரைக்கால் வரை போகிறதா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாய்ந்தது. புதன்கிழமை கடக்கால் போட்டாயிற்று. முதல் செங்கல் வைக்கும்போது செல்வம் யாரையும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நேற்று போன் செய்தான். குரலில் குஷி. கனகசெட்டிக்குளத்தில் ஒருத்தர் தோப்பைச் சுத்தம் பண்ண மெஷினைக் கேட்கிறாராம். "சரிடா, கடைசி மரத்துக்கு என்ன பண்ணுவ?" என்றேன்.

"அதுக்குத்தான் நீங்க மூணு பேரு இருக்கீங்களே மாமா."

இந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது என்னைத் தேடி வந்தால்... நான் ஊரில் இல்லை.